எல்லோரும் கன்சர்வேடிவ்தான் என்கிறார்கள்: டெக்சாஸ் பிரைமரியில் வேட்பாளரை எடைபோடுவது எப்படி

டெக்சாஸில் குடியரசுக் கட்சியின் பிரைமரி, அதாவது நவம்பரில் நிற்கப் போகும் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல், நெருங்கிவிட்டால் தபால்பெட்டி நிரம்பி வழியும். தடித்த, வழவழப்பான அட்டைகள். முன்பக்கத்தில் வேட்பாளர் குடும்பத்தோடு நிற்பார், பின்னால் ஒரு பிக்-அப் டிரக்கும் தேசியக் கொடியும். பின்பக்கத்தில் மூன்று வரி: உண்மையான கன்சர்வேடிவ், எல்லையைக் காப்பார், வரியைக் குறைப்பார். அதே பதவிக்கு நிற்கும் எதிராளியின் அட்டையைத் திருப்பினால் ஏறக்குறைய அதே மூன்று வரிதான். டாலஸைச் சுற்றி ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் புதிதாகக் குடியுரிமை வாங்கி, முதல் முறை ஓட்டுப் போடப் போகும் நம்மவர்கள் பலர் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கன்சர்வேடிவ் பக்கம் நிற்பவன். எந்த வேட்பாளருக்குப் போடுங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. தன்னைக் கன்சர்வேடிவ் என்று சொல்லிக்கொள்பவர் உண்மையிலேயே அப்படித்தானா என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள என்ன வழி என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிரைமரிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1994க்குப் பிறகு டெக்சாஸில் மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி வென்றதில்லை. தொகுதிகளிலும் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டைதான். ஆகவே நவம்பர் தேர்தல் பல இடங்களில் வெறும் சம்பிரதாயம், முடிவு மார்ச் பிரைமரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவர்களோ கொஞ்சம் பேர். 2024ல் பதிவு செய்த வாக்காளர்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம். குடியரசுக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 23 லட்சம். எட்டில் ஒருவர் அளவுதான்.

முதலில் தகுதியைச் சரிபாருங்கள்

குடியுரிமை உள்ளவர் மட்டுமே ஓட்டுப் போடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தவறுதலாகப் பதிவு செய்து ஓட்டுப் போட்டால்கூட நாடு கடத்தும் வரை போகக்கூடிய விவகாரம் அது. யாராவது கூட்டத்தில் படிவத்தை நீட்டி "கையெழுத்துப் போடுங்கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றால் போடாதீர்கள். நன்கொடையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நிதிக்குப் பணம் கொடுக்கலாம், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் பிரச்சாரத்தில் உதவி செய்வதற்குத் தடையில்லை.

தேர்தலுக்கு 30 நாள் முன்னதாகப் பதிவு முடிந்திருக்க வேண்டும். டெக்சாஸில் வாக்காளர்களுக்குக் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. சாவடியில் எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இந்தத் திறந்த முறையை மூட வேண்டும் என்று மாநிலக் குடியரசுக் கட்சியே 2025ல் வழக்குப் போட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கேயே உங்கள் முகவரிக்கான மாதிரி ஓட்டுச்சீட்டும் கிடைக்கும், அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செனட்டர் முதல் நீதிபதி, கான்ஸ்டபிள் வரை அது நீளமாகப் போகும். எல்லாப் பதவிக்கும் ஆராய்ச்சி செய்ய நேரம் இருக்காது. மாநிலச் சட்டமன்றம், கவுண்டி கமிஷனர், நாடாளுமன்றம் என மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எந்தக் கன்சர்வேடிவ் உங்களுக்கு வேண்டும்?

வேட்பாளரைப் பற்றி ஒரு வரி படிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கன்சர்வேடிவ் என்ற ஒரே பெயருக்குள் பல ஓடைகள் ஓடுகின்றன. அரசின் செலவையும் கடனையும் குறைக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். கருக்கலைப்பு, குடும்பம், மத சுதந்திரம் முக்கியம் என்பவர்கள் ஒரு பக்கம். அதிகாரம் வாஷிங்டனிலோ மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலோ குவியாமல் உள்ளூரில் இருக்க வேண்டும் என்பவர்கள், எல்லைப் பாதுகாப்பை முதலில் வைப்பவர்கள், வெளிநாட்டுப் போர்களில் தலையிடக் கூடாது என்பவர்கள், வலுவான ராணுவம் உலகெங்கும் நிற்க வேண்டும் என்பவர்கள் என்று இன்னும் பலர். 2024 ஏப்ரலில் உக்ரைனுக்கான நிதி நாடாளுமன்றக் கீழவைக்கு வந்தபோது குடியரசுக் கட்சியினரில் 101 பேர் ஆதரித்தார்கள், 112 பேர் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் தங்களைக் கன்சர்வேடிவ் என்றுதான் சொன்னது.

நம்மைத் தொடும் எச்-1பி விஷயத்திலும் அப்படியே. 2024 டிசம்பரில் ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் திறமையானவர்கள் வரட்டும் என்றார்கள். டிரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் போன்றவர்கள் அமெரிக்கத் தொழிலாளிக்குத்தான் முதலிடம் என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே அணிதான். ஆகவே இந்த விஷயம் உங்களுக்கு முக்கியமென்றால், கன்சர்வேடிவ் என்ற பட்டத்தை வைத்து எதையும் ஊகிக்காமல் வேட்பாளரிடம் நேராகக் கேளுங்கள்.

கொள்கை, விசுவாசம் இரண்டையும் இப்போது தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். வயோமிங்கின் கீழவை உறுப்பினராக இருந்த லிஸ் செனி டிரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தில் சுமார் 93 சதவீத ஓட்டுகளில் அவர் பக்கம் நின்றவர். எலிஸ் ஸ்டெஃபானிக்குக்கு அந்தக் கணக்கு சுமார் 78 சதவீதம். ஆனாலும் 2021 மேயில் கட்சியின் கீழவைத் தலைமைப் பொறுப்பு ஒன்று செனியிடமிருந்து பறிக்கப்பட்டு ஸ்டெஃபானிக்குக்குப் போனது. அடுத்த ஆண்டு வயோமிங் பிரைமரியில் செனி படுதோல்வி அடைந்தார். 2020 தேர்தல் முடிவு பற்றியும் 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரம் பற்றியும் டிரம்ப்பை எதிர்த்ததுதான் காரணம். அது சரியா தவறா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒருவரை ரைனோ, அதாவது பெயரளவுக்குத்தான் குடியரசுக் கட்சிக்காரர் என்று யாராவது திட்டினால், எதில் விலகினார் என்று உடனே கேளுங்கள். வரியிலா, கருக்கலைப்பிலா, அல்லது ஒரு தலைவரோடு ஏற்பட்ட சண்டையிலா?

இந்தச் சிக்கலை முழுசாகக் காட்டும் உதாரணம் டெக்சாஸிலேயே இருக்கிறது: பள்ளி வவுச்சர். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டம். ஆளுநர் கிரெக் அபட் இதைத் தன் முதன்மைத் திட்டமாக வைத்தார். 2023 நவம்பர் 17 அன்று காலேஜ் ஸ்டேஷன் பகுதியின் குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ஜான் ரேனி ஒரு திருத்தம் கொண்டுவந்து வவுச்சரை மசோதாவிலிருந்து வெட்டினார். 84க்கு 63 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சியினர், அவர்களில் பலர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். அவர்கள் ஊரில் அரசுப் பள்ளிதான் பெரிய வேலைவாய்ப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஊரே கூடும் இடமும் அதுதான். போய்ச் சேரக்கூடிய தூரத்தில் தனியார் பள்ளியே இல்லாத கவுண்டிகள் உண்டு. புதிதாக ஒரு அரசுச் செலவைத் தொடங்குவது எப்படிக் கன்சர்வேடிவ் ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோர் கையில் கொடுப்பதைவிடக் கன்சர்வேடிவான காரியம் வேறென்ன என்று அபட் தரப்பு கேட்டது. இரண்டுமே நேர்மையான வாதங்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் 2024 மார்ச் பிரைமரியில் அந்த உறுப்பினர்களுக்கு எதிராக வந்த பல விளம்பரங்கள் வவுச்சரைப் பற்றிப் பேசவே இல்லை, எல்லைப் பாதுகாப்பில் பலவீனமானவர்கள் என்றன. அபட்டுக்குப் பென்சில்வேனியா முதலீட்டாளர் ஜெஃப் யாஸ் 60 லட்சம் டாலர் கொடுத்திருந்தார், அது பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக, அதாவது வவுச்சருக்காக என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த உறுப்பினர்களில் பலர் தோற்றார்கள். 2025ல் 100 கோடி டாலர் வவுச்சர் திட்டம் சட்டமானது. அட்டையைப் படித்து ஓட்டுப் போட்ட ஒருவருக்குத் தான் எதன் மீது தீர்ப்புச் சொன்னோம் என்பதே தெரியாமல் போயிருக்கலாம். சண்டை எதைப் பற்றியது என்று விளம்பரம் சொல்லாது, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே ஒரு தாளில் உங்களுக்கு முக்கியமான மூன்று விஷயங்களை வரிசையாக எழுதுங்கள். இந்த மூன்றில் எதில் விட்டுக்கொடுப்பீர்கள், எதில் மாட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால், அடுத்தவர் அளவுகோலை வாங்கி அளந்துகொண்டிருப்பீர்கள்.

மதிப்பெண் அட்டைகள்

ஸ்கோர்கார்டு என்பார்கள். ஓர் அமைப்பு சில ஓட்டுகளைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர்கள் அதில் எப்படிப் போட்டார்கள் என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுக்கும். அமெரிக்கன் கன்சர்வேடிவ் யூனியன் 1971லிருந்து இதைச் செய்கிறது. வரி, செலவு விஷயத்தில் கிளப் ஃபார் குரோத், பொதுவான கொள்கைக்கு ஹெரிடேஜ் ஆக்ஷன், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பார்வைக்கு நம்பர்ஸ் யுஎஸ்ஏ, துப்பாக்கி உரிமைக்கு என்ஆர்ஏ. டெக்சாஸ் சட்டமன்றத்துக்கு டெக்சன்ஸ் ஃபார் ஃபிஸ்கல் ரெஸ்பான்சிபிலிட்டி, யங் கன்சர்வேடிவ்ஸ் ஆஃப் டெக்சாஸ் போன்றவை உண்டு. இயக்கச் சார்பு இல்லாத ஒன்று வேண்டுமென்றால், ரைஸ் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிஞர் மார்க் ஜோன்ஸ் பெயர்வாரியாகப் பதிவான ஓட்டுகளைக் கணக்கிட்டு, உறுப்பினர்களை இடதிலிருந்து வலதுக்கு வரிசைப்படுத்தி வெளியிடுவார். நான் முதலில் தேடிப் போவது அதைத்தான்.

ஒரே ஒரு அட்டையை நம்பாதீர்கள், குறைந்தது மூன்றையாவது பாருங்கள். மூன்றிலும் ஒருவர் மேலேயே இருந்தால் அது ஒரு சேதி. ஒன்றில் 95, இன்னொன்றில் 55 என்றால் அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். எந்த ஓட்டுகளால் அந்த இடைவெளி வந்தது என்று உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு மசோதாவைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே மதிப்பெண் தலைகீழாகும். சில அமைப்புகள் அவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டையே கணக்கில் சேர்த்துவிடும். அது கொள்கைக்கான ஓட்டா, கோஷ்டிக்கான ஓட்டா என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

எண் எதை மறைக்கும் என்பதற்கு 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். டிரம்ப்பின் பெரிய வரி, செலவு மசோதா கீழவையில் 218க்கு 214 என்று நிறைவேறியது. எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர். கென்டக்கியின் தாமஸ் மாஸி எதிர்த்தது, இது நாட்டின் கடனை இன்னும் ஏற்றும் என்பதால். பென்சில்வேனியாவின் பிரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் எதிர்த்தது, ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டில் செனட் செய்த வெட்டு அதிகம் என்பதால். ஒருவருக்கு மசோதாவில் வெட்டு போதவில்லை, இன்னொருவருக்கு வெட்டு கூடிப்போனது. மதிப்பெண் அட்டையில் இருவருக்கும் விழுவது அதே ஒரு குறிதான். ஓட்டோடு சேர்த்து, அன்றைக்கு அவர் வெளியிட்ட விளக்கத்தையும் தேடிப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரே கொள்கைக்காக நிற்கும் இரண்டு அமைப்புகளே எதிரெதிர் வேட்பாளர்களை ஆதரிப்பதும் உண்டு. டெக்சாஸ் ரைட் டு லைஃப், டெக்சாஸ் அலையன்ஸ் ஃபார் லைஃப் இரண்டும் கருக்கலைப்பை எதிர்ப்பவைதான்; ஆனால் வழிமுறையில் அவற்றுக்குள் நீண்ட காலமாக ஒத்துப்போவதில்லை.

நேராக ஓட்டுக் கணக்கைப் பாருங்கள்

பதவியில் இருப்பவர் என்றால் இதுதான் தங்கச் சுரங்கம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி தொடங்கி 140 நாள் கூடும். ஆகவே இரட்டைப்படை ஆண்டு மார்ச் பிரைமரிக்கு, முந்தைய ஆண்டின் அவைக் குறிப்புகள்தான் புதிய ஆதாரம். டெக்சாஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் என்ற அரசுத் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் முழு வரலாறும் வரும்; யார் எப்படிப் போட்டார் என்பது அவையின் ஜர்னலில் பெயர்வாரியாக இருக்கும். மத்திய அரசுக்குக் காங்கிரஸ்.கவ் தளம்.

இறுதி ஓட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். உண்மையான மோதல் பெரும்பாலும் திருத்தங்களில் நடக்கும். ரேனியின் திருத்தமே சாட்சி, அதைத் தொடாமல் மசோதாவின் முடிவை மட்டும் பார்த்திருந்தால் யார் எங்கே நின்றார்கள் என்று தெரிந்திருக்காது. பிறகு, ஆஜராகாமல் இருந்தது, ஆஜராகியும் ஓட்டுப் போடாமல் இருந்தது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கலான ஓட்டு வரும்போதெல்லாம் ஒருவர் காணாமல் போகிறார் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

உள்ளூர்ப் பதவிக்கு இன்னும் எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. கவுண்டி கமிஷனர் ஒவ்வொருவரும் "நான் சொத்து வரியைக் குறைத்தேன்" என்பார். டெக்சாஸில் சொத்து வரி எப்படிக் கடிக்கும் என்று வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும், அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம். போன வருடம் உங்கள் வீட்டு மதிப்பு 4,00,000 டாலர், கவுண்டி விகிதம் 100 டாலருக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகைகளைத் தள்ளிவைத்தால் வரி 2,000 டாலர். இந்த வருடம் மதிப்பு 4,40,000 ஆகிவிட்டது, கமிஷனர்கள் விகிதத்தை 48 சென்ட்டாகக் குறைத்தார்கள். வரி 2,112 டாலர். விகிதம் குறைந்தது உண்மை, உங்கள் பையிலிருந்து 112 டாலர் கூடுதலாகப் போனதும் உண்மை. ஊரில் எல்லா மதிப்பும் இதே அளவு ஏறியிருந்தால், பழைய வருமானமே போதும் என்று நினைக்கும் கவுண்டி சுமார் 45.5 சென்ட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

அந்த எண்ணை நீங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நோ-நியூ-ரெவின்யூ விகிதம் என்ற பெயரில் ஒவ்வொரு கவுண்டியும் நகராட்சியும் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதே அறிவிப்பில் வாக்காளர் ஒப்புதல் விகிதம் என்று இன்னொன்றும் இருக்கும். 2019 சட்டத்துக்குப் பிறகு, பராமரிப்பு, நிர்வாகச் செலவுக்கான வரி வருமானம் 3.5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மக்களிடம் ஓட்டுக்குப் போக வேண்டும் என்ற எல்லை அது. ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டக் குறிப்பை எடுத்து, உங்கள் கமிஷனர் எந்த எண்ணுக்கு ஓட்டுப் போட்டார் என்று பாருங்கள். ஊர் வேகமாக வளர்கிறது, சாலையும் ஷெரிஃப் ஆட்களும் வேண்டும் என்று அவர் நியாயம் சொல்லலாம், அது ஏற்கக்கூடிய நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் "வரியைக் குறைத்தேன்" என்ற வார்த்தையை அந்தக் கூட்டக் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதுமுகம் என்றால்?

பதவியில் இல்லாதவருக்கு ஓட்டுக் கணக்கு இருக்காது. பேச்சு மட்டும்தான் இருக்கும், பேசுவதற்குச் செலவில்லை. ஆனாலும் தடயங்கள் உண்டு.

டெக்சாஸில் ஒருவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியம். எந்தக் கட்சியின் பிரைமரியில் போட்டார் என்பது பொது ஆவணம். கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். இருபது வருடமாக இந்த மண்ணில் கன்சர்வேடிவாக வாழ்ந்தேன் என்பவர் ஒரு பிரைமரியில்கூட ஓட்டுப் போடவில்லை என்றால் காரணம் கேளுங்கள். எதிர்க்கட்சி பிரைமரியில் போட்டிருந்தால் உடனே கதவைச் சாத்தாதீர்கள். கட்சி மாறி வந்து உறுதியாக நின்றவர்கள் பலர். அதிபராக இருந்த ரீகன் 1962 வரை ஜனநாயகக் கட்சிக்காரர். டெக்சாஸ் ஆளுநராக இருந்த ரிக் பெரி 1989ல்தான் மாறினார். எப்போது மாறினார், மாறும்போது எதை இழந்தார் என்பதைப் பாருங்கள். ஃபுளோரிடாவின் சார்லி கிரிஸ்ட் இதற்கு நேர் எதிர். குடியரசுக் கட்சி ஆளுநராக இருந்தவர், 2010 செனட் பிரைமரியில் மார்கோ ரூபியோவிடம் தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் சுயேச்சையானார், பிறகு ஜனநாயகக் கட்சிக்குப் போய் அவர்கள் சார்பில் ஆளுநர் பதவிக்கும் நின்றார். அவருடைய ஒவ்வொரு மாற்றமும் அடுத்த தேர்தலுக்கு வசதியாகவே அமைந்தது.

பள்ளி வாரியம், நகர மன்றம், வீட்டு உரிமையாளர் சங்கம், சிறு தொழில் என்று எங்கேயாவது பொறுப்பில் இருந்திருந்தால் அங்கே பட்ஜெட் எப்படிப் போட்டார் என்று விசாரியுங்கள். பாண்டுக்கு, அதாவது அரசு கடன் வாங்குவதற்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டாரா, கட்டணத்தை ஏற்றினாரா?

கையெழுத்து என்றதும் வாக்குறுதிப் பத்திரங்களையும் சொல்லிவிடுகிறேன். வரி உயர்த்த மாட்டேன் என்ற உறுதிமொழியை 1980களிலிருந்து குரோவர் நார்க்விஸ்ட்டின் அமைப்பு வாங்கி வருகிறது. கையெழுத்துப் போட்டது ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான். 1988 மாநாட்டில் புதிய வரி கிடையாது என்று நாடறியச் சொன்ன ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 1990ல் வரி உயர்வோடு கூடிய பட்ஜெட் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். 1992 நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில், பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்துப் பேட் புக்கானன் சுமார் 37 சதவீதம் வாங்கினார்.

பணம் எங்கிருந்து வருகிறது

மாநில வேட்பாளர்களின் நிதிக் கணக்குக்கு டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் தளம். தேர்தலுக்கு 30 நாள் முன்பு ஒன்று, 8 நாள் முன்பு ஒன்று என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த 8 நாள் அறிக்கையைத் தவறவிடாதீர்கள், கடைசி நேரத்துக்குச் சற்று முன் வந்த பெரிய பணம் அதில் தெரியும். டெக்சாஸில் சட்டமன்ற வேட்பாளருக்குத் தனிநபர் கொடுக்க உச்சவரம்பே இல்லை, அதனால் ஒரே ஆள் லட்சக்கணக்கில் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். மத்தியப் பதவிகளுக்கு எஃப்இசி, அதாவது மத்தியத் தேர்தல் ஆணையத்தின் தளம். அங்கே வேட்பாளர் பெயரை நன்கொடையாளர் தேடலிலும் போட்டுப் பாருங்கள். அவர் முன்பு யாருக்குக் கொடுத்தார் என்பது அவர் பேச்சைவிடத் தெளிவாகப் பேசும்.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் யார் பணம் கட்டியது என்று இருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு மேலே போங்கள். 2022ல் மிச்சிகனில் நடந்ததைச் சொல்கிறேன். பீட்டர் மைஜர் என்ற குடியரசுக் கட்சிக் கீழவை உறுப்பினர் டிரம்ப்பைப் பதவி நீக்கம் செய்ய ஓட்டுப் போட்டவர். அவரை எதிர்த்து நின்ற ஜான் கிப்ஸ் மிகவும் கன்சர்வேடிவ், டிரம்ப்போடு சேர்ந்தவர் என்று ஒரு விளம்பரம் ஓடியது. பணம் கட்டியது ஜனநாயகக் கட்சியின் கீழவைப் பிரச்சாரக் குழு. குறை சொல்வதுபோல் சொல்லி, பிரைமரி வாக்காளருக்கு அவரைப் பிடிக்க வைப்பதுதான் கணக்கு. கிப்ஸ் பிரைமரியில் வென்றார், நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஷோல்டனிடம் தோற்றார். "அளவுக்கு மீறிய கன்சர்வேடிவ்" என்று திட்டி ஒரு விளம்பரம் வந்தால், யார் செலவு செய்கிறார்கள் என்று இரண்டு தடவை பாருங்கள்.

தபாலில் வரும் சிபாரிசுப் பட்டியல்களிலும் இதே கவனம் வேண்டும். அமைப்பின் பெயர் கம்பீரமாக இருக்கும்; சில பட்டியல்கள் வேட்பாளர்களிடம் விளம்பரக் கட்டணம் வாங்குபவை.

பெரிய மனிதர்கள் ஆதரவு தெரிவித்திருப்பதை எவ்வளவு நம்பலாம்? 2024ல் சட்டமன்ற அவைத்தலைவர் டேட் ஃபீலனை எதிர்த்து டேவிட் கோவி நின்றபோது டிரம்ப் கோவியை ஆதரித்தார், முன்னாள் ஆளுநர் ரிக் பெரி ஃபீலனை ஆதரித்தார். இரண்டு பேரையும் மதிக்கும் வாக்காளர் என்ன செய்வார்? ஆதரவு அறிவிப்பைத் தேடலின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிபதிகள் விஷயத்தில் கூடுதல் நிதானம்

2021ல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 8க்கு 1 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது: தேர்தல் குற்ற வழக்கை அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் தானாகத் தொடுக்க முடியாது. அரசியலமைப்பின் அதிகாரப் பிரிவினைதான் அடிப்படை. எட்டுப் பேரும் குடியரசுக் கட்சி நீதிபதிகள். அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் இதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார், 2024 மார்ச்சில் தேர்தலைச் சந்தித்த மூன்று நீதிபதிகளும் தோற்றார்கள். அவர்களில் ஷேரன் கெல்லர் 1990களிலிருந்து அந்த நீதிமன்றத்தில் இருந்தவர், குற்றவாளிகளிடம் கடுமை காட்டுபவர் என்று பெயரெடுத்தவர். சட்டத்தின் எழுத்துக்குக் கட்டுப்படுவதைத்தான் கன்சர்வேடிவ் நீதிபதியிடம் எதிர்பார்க்கிறோம். முடிவு நமக்குப் பிடிக்காதபோது அந்த எதிர்பார்ப்பைக் கைவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. தீர்ப்பின் காரணங்களை ஒரு பக்கமாவது படித்துவிட்டு, பிறகு அந்த நீதிபதிக்கு முத்திரை குத்துங்கள்.

நேரில் கேளுங்கள்

உள்ளூர் வேட்பாளர்கள் எளிதில் அகப்படுவார்கள். கவுண்டி கட்சிக் கிளப் கூட்டங்கள், நூலக அரங்குகள், சில நேரம் நம் கோயில் வளாகம் வரை வருவார்கள். செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே இந்தக் கேள்விகளையும் கேளுங்கள். "உங்கள் ஆதரவாளர்களே கோபப்பட்ட உங்கள் முடிவு எது?" கொள்கை உள்ளவரிடம் இதற்கு ஒரு கதை இருக்கும்; இல்லாதவர் வாஷிங்டனைத் திட்டத் தொடங்குவார். "எந்தச் செலவை வெட்டுவீர்கள்? பெயர் சொல்லுங்கள்." வீண்செலவு, மோசடி என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், ஒரு துறையின் பெயரோ ஒரு திட்டத்தின் பெயரோ வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு, அவர் ஆசையாகச் சொல்லும் ஒரு திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "இதை அரசு ஏன் செய்ய வேண்டும், செய்யத்தான் வேண்டுமென்றால் மாநிலமா, கவுண்டியா?" அரசின் எல்லை பற்றி அவர் எப்போதாவது யோசித்திருக்கிறாரா என்பது இங்கே தெரிந்துவிடும்.

கேட்டுவிட்டு வந்ததும் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். வென்றால் அடுத்த கூட்டத்தொடரில் அதை வைத்துப் பார்க்கலாம்.

நவம்பரையும் மனதில் வையுங்கள்

மிகவும் உறுதியான கன்சர்வேடிவைத் தேர்ந்தெடுத்து, அவர் பொதுத் தேர்தலில் தோற்றால் லாபம் யாருக்கு? வெல்லக்கூடியவர்களில் மிகவும் வலது பக்கம் நிற்பவரை ஆதரியுங்கள் என்று 1960களில் கன்சர்வேடிவ் பத்திரிகையாளர் வில்லியம் எஃப். பக்லி சொன்ன விதியைக் கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 2010ல் டெலவேரில் முன்னாள் ஆளுநர் மைக் காசிலைத் தள்ளிவிட்டு கிறிஸ்டீன் ஓ'டானலைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் வந்திருக்கக்கூடிய செனட் இடம் கிறிஸ் கூன்ஸிடம் போனது. மேற்கு டெக்சாஸ் தொகுதியில் இந்தக் கவலை தேவையில்லை. டாலஸ் புறநகரின் இழுபறித் தொகுதிகளில் தேவைப்படும்.

ஓட்டுப் போடும் நாள்

முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களில் போய்விடுங்கள், வரிசை குறைவு. ஓட்டுப் போடும் இடத்தைச் சுற்றி 100 அடிக்குள் செல்போன் பயன்படுத்தக் கூடாது, வேட்பாளர் பெயர் போட்ட டி-ஷர்ட்டும் கூடாது. கையால் எழுதிய தாளைக் கொண்டுபோகலாம். உங்கள் மூன்று விஷயங்களையும் பெயர்களையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் இடையே மே மாதம் ரன்-ஆஃப், அதாவது இரண்டாம் சுற்றுத் தேர்தல் நடக்கும். மார்ச்சில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் போட்டவர் குடியரசுக் கட்சி ரன்-ஆஃபில் போட முடியாது. மார்ச்சில் போகவே இல்லை என்றால் மேயில் ஏதாவது ஒரு கட்சியின் ரன்-ஆஃபில் போடலாம். அப்போது ஆட்கள் இன்னும் குறைவாக வருவார்கள். 2024 மே 28ல் நடந்த ஃபீலன், கோவி ரன்-ஆஃபில் மாநிலத்தின் அவைத்தலைவர் தன் தொகுதியைத் தக்கவைத்தது 400க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில்.